அடாப்டரின் நெற்றியில் என் பொட்டு

வேலை செய்கிற இடத்தில் பொறாமை கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து, தேநீரும் பணிஸும் கொடுத்து, ஒற்றுமையாக இருங்கள், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எரியாதீர்கள் என்று ஆபீஸில் பேசுவார்கள். நல்ல பேச்சுத்தான். பணிஸும் நன்றாக இருக்கும்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கொழுந்து நிறுக்கும் வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதியைப் பொறாமைதான் கற்றுக்கொடுத்தது. பிடிக்காதவள் கையைப் பார்க்கிற மாதிரி, பிடித்தவள் கையை நாம் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இதை நான் எங்கோ கேட்டுச் சொல்லவில்லை. எனக்கு ஒருத்தி இருந்தாள். இன்னும் இருக்கிறாள். அவள் பெயர் ரெஜினா.

என்னைப் பாக்கியம் என்பார்கள். தெரணியகலைக்கு மேலே இருக்கும் இதே தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிஷன் மடுவத்தில் கொழுந்து நிறுக்கிற வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் மலையில் கொழுந்து பறித்துக் கூடை சுமந்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு எண்கள் வந்தன. எழுத்து பாதிதான் வந்தது. ஆனால் தொங்கும் தராசில் முள் ஆடி நிற்பதற்குள்ளேயே நிறுவையைச் சொல்லிவிடுவேன். அந்த வேலை எனக்குக் கிடைத்ததும், என் புருஷன் போனதும் ஒரே வருஷத்தில். ஆகவே மடுவம் எனக்கு வெறும் வேலை இல்லை. வீட்டில் தலைகுனிந்து இருக்கச் சொன்ன காலத்தில், பெண்கள் எல்லாரும் என் வாயைப் பார்த்துக் காத்து நிற்கும் இடம் அது ஒன்றுதான்.

ரெஜினா கீழ் டிவிஷன் மடுவத்தில் நிறுத்தாள். என்னைவிட வயதில் சின்னவள். சாதாரணதரப் பரீட்சை வரை படித்தவள். மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவள். கையில் கடிகாரம் கட்டியிருப்பாள். சிங்களம் பேசினால் சிங்களக் கிராமத்துப் பெண் என்றுதான் நினைப்பார்கள். கொழுந்துக் கறை எங்கள் எல்லார் விரலையும் கறுப்பாக்கியிருந்தது. அவள் விரல் மட்டும் எப்படியோ சுத்தமாக இருக்கும். எலுமிச்சம்பழம் தேய்க்கிறாள் என்று நான் சொல்லித் திரிந்தேன். நானும் தேய்த்துப் பார்த்தேன். எனக்குப் போகவில்லை.

செல்போன் இன்னும் எங்கள் லய வீடுகளுக்கு வராத காலம் அது. ஒரு நாள் பெரிய கிளாக்கர் ஐயா எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. நாங்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. மேசைமேல் செங்கல் அளவில் ஒரு கறுப்பு மெஷின் இருந்தது.

“இனி நிறுவையை இதுலதான் அடிக்கணும். சாயந்தரம் இதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குக் காட்டுனா எல்லாம் அதுக்குள்ள போயிரும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மெஷின் ஒண்ணுதான் வந்திருக்கு. லொறியோட போய் ரெண்டு மடுவத்துலயும் நிறுக்க ஒருத்தி போதும்னு தொரை சொல்லிட்டாரு. ஒரு நாள் பாக்கியம், ஒரு நாள் ரெஜினா, மாறி மாறிப் பாருங்க. யாரு கைக்கு ஒழுங்கா வருதோ அவங்களுக்குத்தான்.”

“மத்தவங்க?” என்று கேட்டேன்.

“மத்தவங்க மலைக்குப் போகணும், பாக்கியம்.”

நான் ரெஜினாவைப் பார்த்தேன். அவள் மெஷினைப் பார்த்தாள்.

கரவனெல்லையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா வந்துதான் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டினார். மெஷினில் இருப்பது கம்ப்யூட்டருக்குப் போக ஓர் அடாப்டர் வேண்டும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. முன்பக்கம் மட்டும் கருஞ்சிவப்பாய், கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. அதன் வயரைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சொருகி, ஒரு சிடித் தட்டை உள்ளே போட்டு, நானா எதையெதையோ அழுத்தினார். வயர் கட்டை. ஆகவே அடாப்டரை மேசை ஓரத்தில், ஜன்னலைப் பார்த்தபடி பசைநாடா போட்டு ஒட்டினார்.

“இது கம்ப்யூட்டர்ட கண்ணு” என்றார். “மெஷின்ட தலையிலயும் இதே மாதிரி ஒரு கண்ணு இரிக்கி. ரெண்டும் ஒண்டையொண்டு நேரா பாக்கணும். ஒரு சாண் தூரம், கூடினா ஒரு முழம். இடையில ஒண்டும் வரப்படாது. கை ஆடப்படாது. பச்சை லைட் துடிச்சா போகுது எண்டு அர்த்தம்.”

“நடுவுல வயர் இல்லாம எப்புடி நானா போகும்?”

“வெளிச்சத்துல போகுது அக்கா. ஒரு சாதி சிவப்பு வெளிச்சம். எங்கட கண்ணுக்குத் தெரியாது.”

“தெரியாதத எப்புடிச் சிவப்புன்னு சொல்றீங்க?”

நானா சிரித்தார். அந்த நேரம் பார்த்து ரெஜினா அவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். அவரும் சிங்களத்தில் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். இரகசியத்தை அவளுக்கு மட்டும் சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்படி நினைப்பதற்குக் காரணமும் வந்தது. ரெஜினாவின் முறை வந்தால், அவள் மேசைக்கு முன்னால் குனிந்து முந்தானையை இழுத்துத் தலைமேல் போடுவாள். மெஷினும் அடாப்டரும் அவள் முகமும் சேலைக்குள் போய்விடும். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் மாதிரி சற்று நேரம் இருப்பாள். எழுந்திருக்கும்போது எல்லாம் போயிருக்கும். ஒரு நாளும் தவறியதில்லை.

என் முறை வந்தால் நான் மறைக்க மாட்டேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தி, எல்லாரும் பார்க்க மெஷினை நீட்டுவேன். பச்சை விளக்கு இரண்டு தடவை துடித்துவிட்டு நின்றுவிடும். திரும்ப நீட்டுவேன். திரும்ப நிற்கும். கை ஆடுகிறது என்று முழங்கையை மேசையில் ஊன்றிப் பார்த்தேன். மூச்சை அடக்கிப் பார்த்தேன். பெரிய கிளாக்கர் ஐயா தலையைச் சொறிவார். கடைசியில் ரெஜினாவைத்தான் கூப்பிடுவார். அவள் வந்து முந்தானையைப் போட்டால் போய்விடும்.

மழை பெய்கிற சாயந்தரங்களில் மட்டும் என் கைக்கும் வந்தது. மேலே கருமேகம் கவிந்து, ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் தெரியாமல் ஊற்றினால், பச்சை விளக்கு எனக்காகத் துடிக்கும். அதற்காக நான் பிடித்த விரதம் பலித்தது என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் பக்கம் மழைக்குப் பஞ்சம் இல்லை. அதனால்தான் நான் அந்தப் போட்டியில் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்தேன். வெயில் நாட்டில் பிறந்திருந்தால் முதல் வாரமே கூடையை எடுத்திருப்பேன்.

அவள் சேலைக்குள் என்ன செய்கிறாள் என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அவள் பின்னால் போய் நின்றேன். சேலைக்குள்ளிருந்தே குரல் வந்தது.

“என்னக்கா, தண்ணியா?”

“இல்லடி, காத்து வாங்க வந்தேன்.”

“காத்து ஜன்னல் பக்கம்லக்கா வருது.”

ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முதுகில் கண் வைத்திருந்தாள் போல.

இப்படி இருக்கும்போது சரஸ்வதி பூசை வந்தது. உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஆபீஸில் பேனாவிலிருந்து லொறி வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். புது மெஷின் வந்த வருஷம் என்பதால் பெரிதாகச் செய்தார்கள். நான் ஓரமாக நின்றேன். புருஷன் போன நாளிலிருந்து நல்ல காரியத்தில் ஓரமாக நிற்பது எனக்குப் பழக்கம். பெரிய கிளாக்கர் ஐயா சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

“நீங்களே வைங்க பாக்கியம்.”

யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஐயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மெஷினைத் தொட்டு வேலை செய்ற கைதானே வைக்கணும்” என்றார்.

ரெஜினா வேதக்காரி, அவள் வைக்க மாட்டாள். ஆகவே அன்றைக்கு அந்தத் தட்டு என் கைக்கு மட்டும்தான். தராசுக்கு வைத்தேன். கம்ப்யூட்டருக்கு வைத்தேன். மெஷினின் முதுகில் வைத்தேன். கடைசியாக அடாப்டர். அதற்கு முகம் எது, முதுகு எது? பளபளவென்று சிவப்பாய் இருந்த இடம்தான் முகம் என்று தோன்றியது. அழகாகக் குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். சும்மா சொல்லக்கூடாது, லட்சணமாக இருந்தது. ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு அவள் முகத்தில் ஒரு வாட்டம் இருந்ததாக எனக்குப் பட்டது. வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பூசைக்கு மறுநாள் நல்ல வெயில். இரண்டு டிவிஷனிலும் கொழுந்து குவிந்தது. சாயந்தரம் ரெஜினாவின் முறை. முந்தானையைப் போட்டாள், குனிந்தாள். நெடுநேரம் கழித்து நிமிர்ந்தாள். பச்சை விளக்கு ஒரு தடவைகூடத் துடிக்கவில்லை.

எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அப்பாடா, அவளுக்கும் வராமல் போகும் நாள் ஒன்று உண்டு. “தள்ளுடி” என்று மெஷினை வாங்கி நீட்டினேன். எனக்கும் வரவில்லை. அந்தக் குளிர்ச்சி எப்போது வியர்வையாக மாறியது என்று தெரியவில்லை.

அதற்குள் மெஷினில் பேட்டரிப் படம் துடிக்க ஆரம்பித்தது. பேட்டரி செத்தால் உள்ளே இருக்கிற நிறுவையும் சேர்ந்து செத்துவிடும் என்று நானா முன்பே எச்சரித்திருந்தார். ஒவ்வொரு பெயராகத் திரையில் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றால், அதற்குள் அது அணைந்துவிடும். பெரிய கிளாக்கர் ஐயா கரவனெல்லைக்கு டெலிபோன் போட்டார். நானா சாமான் எடுக்கக் கேகாலைக்குப் போயிருந்தார். ஆள் அனுப்பியிருக்கிறோம், திரீவீலரில் வருவார் என்றார்கள்.

செய்தி லயத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு நிறுத்தவர்கள் பெயர் விழாதாம், நாள் சம்பளம் போச்சாம் என்று பெண்கள் கூடையோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

“என்ன பாக்கியம், கம்ப்யூட்டருக்கும் விரதமா?”

“நேத்து சாப்பிட்ட சுண்டல் செமிக்கல போல.”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும்; சொல்ல மாட்டேன்.

“யாரு கை பட்டுச்சுன்னு பாருங்க. நல்ல காரியத்துல யாரு கை படணும்னு ஒரு முறை இருக்குல்ல.”

சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய கிளாக்கர் ஐயா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ரெஜினா என் தோளுக்குப் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், என் காதுக்கு மட்டும் சொன்னாள்.

“அக்கா, பொட்டு கண்ணு மேலயே இருக்கு. ரெண்டு கண்ணும் பாத்துக்கணும்னு நானா சொன்னாருல்ல.”

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அதை அவள் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். பாக்கியக்கா வைத்த பொட்டால்தான் கெட்டுப்போனது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வெளியே நின்றவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் நான் கூடையோடு மலையில். மெஷின் அவள் கையில். அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் காதுக்குள் சொன்னாள். அவள் விரல் சுத்தமாக இருந்ததைப் பொறுத்துக்கொண்டேன், சிங்களத்தைப் பொறுத்துக்கொண்டேன், கடிகாரத்தையும் பொறுத்துக்கொண்டேன். இந்தக் குணத்தை மட்டும் இன்று வரை பொறுக்க முடியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் காதைத் தேடியிருப்பேனா, ஜன்னலைப் பார்த்திருப்பேனா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் யோசிக்க நேரம் இல்லை. வைத்த பொட்டைத் துடைக்க வேண்டும். ஐயா துடைக்க மாட்டார், பூசைப் பொருள். ரெஜினா துடைத்தால் வேதக்காரி சாமிப் பொட்டைத் துடைத்தாள் என்று அது ஒரு கலகமாகும். நான் துடைத்தால், என் கை சரியில்லை என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகும். ஒரு தடவை என் நெற்றியிலிருந்தும் துடைத்தார்கள். அன்றைக்குத் துடைத்தவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொட்டைத் துடைப்பது என்றால் என்னவென்று அந்த ஆபீஸில் எனக்குத் தெரிந்த மாதிரி யாருக்கும் தெரியாது.

பேட்டரிப் படம் துடித்துக்கொண்டிருந்தது.

நான் குடத்துத் தண்ணீரில் சேலை நுனியை நனைத்தேன். வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, மடுவத்தில் நிறுவை சொல்லும் குரலில் சொன்னேன்: “பொட்டு வைக்கிறது நெத்தியில. நேத்து அவசரத்துல கண்ணுல வச்சுட்டேன். கண்ணுல சந்தனம் விழுந்தா உங்களுக்கு மட்டும் கண்ணு தெரியுமா?”

சொல்லிக்கொண்டே கருஞ்சிவப்புக் கண்ணாடியைத் துடைத்தேன். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் கீறாமல், ஊறவைத்து ஊறவைத்து எடுத்தேன். பிறகு பூசைத் தட்டில் மிச்சம் இருந்த சந்தனத்தைக் குழைத்து, அடாப்டரின் மேல்பக்கத்தில், கண்ணுக்கு மேலே நெற்றி மாதிரி இருந்த இடத்தில் வைத்தேன். அதன்மேல் குங்குமம். வெளியே “அது சரிதானே” என்று ஒருத்தி மட்டும் முணுமுணுத்தாள்.

மெஷினை நீட்டினேன். பச்சை விளக்கு துடித்தது! இரண்டு தடவை துடித்துவிட்டு நின்றது.

“ரெஜினா, நீ பாரு” என்றார் ஐயா.

அவள் முந்தானையைப் போட்டுக் குனிந்தாள். கம்ப்யூட்டர் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கின. அவள் சந்தோஷத்தில் முந்தானையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து, “போகுது ஐயா! ஆண்டவர் கேட்டுட்டாரு!” என்றாள்.

பெயர்கள் நின்றுவிட்டன.

எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பொறாமைக்காரி நான் ஒருத்திதான் அவள் கையைப் பார்த்தேன். கை ஆடவில்லை. மெஷின் நகரவில்லை. சேலை மட்டும்தான் விலகியிருந்தது. சேலை இருந்த இடத்தில் இப்போது மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. ஜன்னல் வழியாக வந்த சாயந்தர வெயில், நேராக அடாப்டரின் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு என் மழை நாட்கள் எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தன.

“ஆண்டவர் இருக்கட்டும்டி, முந்தானைய எடுக்காத!” என்று பாய்ந்து போய், அவள் முந்தானையை இழுத்து மேலே போட்டேன். போட்ட வேகத்தில் என் தலையும் உள்ளே போய்விட்டது.

சேலைக்குள் மங்கலாக இருந்தது. அவள் போட்டிருந்த பவுடர் வாசனை. பச்சை விளக்கு விடாமல் துடித்தது. அவள் இரண்டு கையாலும் மெஷினைப் பிடித்திருந்தாள்; நான் சேலையைப் பிடித்திருந்தேன். விடவும் முடியாது, போகவும் முடியாது. ஆகவே கேட்டேன்.

“இவ்வளவு நாளும் உள்ள என்னடி பண்ணுன?”

“ஜெபம்க்கா. எல்லார் முன்னாலயும் வாய் அசைச்சா சிரிப்பாங்கன்னு மூடிக்கிட்டேன்.”

“நானா சொல்லிக் குடுத்தது ஒண்ணும் இல்லையா?”

“அவரு என்ன சொல்லிக் குடுக்க?”

“அன்னிக்குச் சிங்களத்துல என்ன கேட்டு அப்புடிச் சிரிச்சீங்க?”

“சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். வர்ற வழியில ரெண்டு கடையில சாப்பிட்டாச்சு, வீட்டுல சொல்லிராதன்னாரு.”

இதற்காகவா நான் அத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்?

வெளியே ஐயா கடைசிப் பெயரைச் சத்தமாக வாசிப்பது கேட்டது. மெஷின் அணைவதற்குள் எல்லாம் போயிருந்தது. பெண்கள் கூடைகளை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

நானா வந்து சேர்ந்தபோது நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நடந்ததைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். “வெயில்லயும் அதே வெளிச்சம் இரிக்கிதானே அக்கா. சூரியன் பக்கத்துல நிண்டு கத்தினா, இந்தச் சின்ன மெஷின் பேசுறது எப்பிடிக் கேக்கும்? ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒட்டியிருக்கணும். என்ட பிழைதான்.”

பெரிய கிளாக்கர் ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். “யாரு கண்டுபிடிச்சது?”

“பாக்கியக்காதான் ஐயா” என்றாள் ரெஜினா. “எல்லாமே அவங்கதான்.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் கொடுக்க, நான் வாங்க வேண்டுமா?

“வெயிலக் கண்டுபிடிச்சது நான் ஐயா” என்றேன். “பொட்டு கண்ணுல இருக்குன்னு சொன்னது அவ. எனக்கு யாரும் இனாம் தர வேணாம்.”

ஐயா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையைப் பார்த்தார், நெற்றியில் பொட்டு வைத்த அடாப்டரைப் பார்த்தார்.

“தொரைகிட்ட நாளைக்குப் பேசுறேன்” என்றார். “ஒருத்தி போதும்னு சொன்னது, மெஷினைத் தெரியாம சொன்னது. குடுக்க ஒரு ஆளு, வாங்க ஒரு ஆளு வேணும். பாக்கியம் மெஷினோட ரெண்டு மடுவத்துக்கும் போகட்டும். ரெஜினா இங்க கம்ப்யூட்டர்கிட்ட இருக்கட்டும். இன்னிக்கு ஒருத்தி மட்டும் இருந்திருந்தா இந்நேரம் வெளியில நின்ன சனத்துக்கு நான் பதில் சொல்லிக்கிட்டு இருப்பேன்.”

துரையிடம் எப்படிப் பேசினாரோ, அப்படியே நடந்தது. நான் மலைக்குப் போகவில்லை. ரெஜினாவும் போகவில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அடுத்த வாரமே பார்க்கிறேன், ரெஜினாவுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேலே காற்றாடி. எனக்கு லொறியும் புழுதியும். திரும்பவும் வயிறு எரிய ஆரம்பித்தது. அது எனக்கு நல்ல சகுனம்.

வயர் கட்டை என்பதால் மேசையையே திருப்பிப் போடலாம் என்று நானா சொல்லிவிட்டுப் போனார். தோட்டத்து ஆபீஸில் மேசையைத் திருப்ப வேண்டுமென்றால் பிளக்கை மாற்ற வேண்டும். பிளக்கை மாற்ற மேலே கேட்க வேண்டும். கேட்டார்கள். பதில் வரவே இல்லை. ஆகவே வருஷக்கணக்காக ஒவ்வொரு வெயில் சாயந்தரமும் நான் மெஷினோடு போய்க் குனிவேன். அவள் நாற்காலியிலிருந்தபடி முந்தானையை இரண்டு பேர் தலைக்கும் சேர்த்துப் போடுவாள். உள்ளே அவள் ஜெபம் செய்வாள். நான் அன்றைக்கு அவளிடம் கண்ட குறையைச் சொல்வேன். “காத்தாடிக்குக் கீழ உக்காந்து பெருத்துட்டடி.” “உங்களுக்கு லொறிக்காத்து போதலையாக்கா?” பச்சை விளக்கு நிற்கும் வரை சண்டை போடுவோம். நின்றதும் சேலையை எடுத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். அத்தனை வருஷத்தில் அவள் ஒரு பெயரைத் தவறவிட்டதில்லை. நான் ஒரு நிறுவையைத் தப்பாக அடித்ததில்லை. அவள் முன்னால் தப்புச் செய்ய எனக்கு மனம் வராது. அவளுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு வந்திருக்கிற மெஷின் அப்படி இல்லை. மடுவத்தில் அழுத்தினால் அங்கிருந்தே ஆபீஸுக்குப் போய்விடுகிறதாம். வெயிலும் மழையும் அதற்கு ஒன்றுதான். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. நல்லதுதான். ஆனாலும் என்றைக்காவது அது ஓடாமல் நிற்கும். சனம் ஜன்னலில் வந்து நிற்கும். அன்றைக்கு உங்களுக்கு ஒருத்தி வேண்டும்: உங்களை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவள், நீங்களும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவள். சிநேகிதிதான் வேண்டும் என்று இல்லை. அவள் கையைப் பார்த்து வையுங்கள்.

பழைய மெஷினைக் கழித்தபோது, அதைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிப்போனார்கள். அடாப்டரை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் ரெஜினா கேட்டுவிட்டாள். அவள் ஆபீஸில் இருப்பவள், அவளுக்குத்தான் முதலில் தெரியும். கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பொட்டு வைத்தவள் நான் அல்லவா?

இப்போது இரண்டு பேரும் ஓய்ந்துவிட்டோம். நத்தார்ப் பண்டிகைக்கு அவள் வீட்டுக்குக் கேக் சாப்பிடப் போவேன். போன தடவையும் போனேன். அவள் தேநீர் ஊற்ற உள்ளே போன நேரத்தில், கண்ணாடி அலுமாரியைத் திறந்தேன். மாதா சிலைக்குப் பக்கத்தில் அது இருக்கிறது, வயரைச் சுற்றி வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்புக் கண்ணாடியில் ஒரு தூசி இல்லை. வாரம் தவறாமல் துடைக்கிறாள் போல. நெற்றியில் மட்டும் துணி படவில்லை. என் சந்தனம் வெடித்து மங்கிப்போய், குங்குமம் கறுத்து, வைத்த இடத்திலேயே இருந்தது.

“என்னக்கா, காத்து வாங்கவா?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“ஆமாடி” என்று அலுமாரியைச் சாத்தினேன். கேக் நன்றாக இருந்தது. என்னுடையது அவ்வளவு மெத்தென்று வருவதில்லை.